மாதா கோயில் வாசலில் ஒரு செம்புத் தகடு

எனக்கு அந்தக் கோயிலைக் கண்டதும் சிரிப்புதான் வந்தது. சாமி இருக்கிற இடத்தில் பல்லைக் காட்டக் கூடாதே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். உடைமரமும் வெயிலும் தவிர வேறெதுவும் விளையாத மொட்டைப் பாறை மலை. அதன் உச்சியில், ஊர் மாறி இறக்கிவிட்டுப் போன லோடு மாதிரி ஒரு சீமை முகப்பு நின்றது. முறுக்குப் பிழிந்ததுபோல் திருகித் திருகி மேலேறும் தூண்கள். அலை அலையாக வளைந்த மேல்விளிம்பு, அதற்குப் பொன் பெயிண்ட். இடம் கிடைத்த பக்கமெல்லாம் சம்மனசுகள், அதாவது இறக்கை வைத்த தேவதூதக் குழந்தைகள், கொழுத்த தொடையைக் காட்டிக்கொண்டு தொங்கின. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பின்னால் இருந்தது பழைய ஓட்டுக் கட்டடம்தான். முன்னால் நின்ற சுவரில் அது பாதி உயரம்கூட இல்லை. கட்சி மாநாட்டுக் கட்-அவுட்டுக்குக் கொடுப்பதுபோல அந்தச் சுவருக்குப் பின்னால் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நான் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களுக்குக் கலர் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்தச் சாமி வந்தாலும் கன்னத்தில் ரோஸ் ஏற்றி, கண்ணில் ஒரு மினுக்கு வைத்து அனுப்புவேன். வெளிநாட்டுச் சீனரி ஆர்டர் வந்தால் மலைமேல் நிற்கும் இந்த மாதிரிக் கோயில்களும் என் கைக்கு வரும். பரோக் என்று அந்தப் பாணிக்குப் பெயர். அதுவும் ஆடம்பரம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்தவர்களுக்குக் கை இருந்தது. கல்லைச் சேலைபோல மடிக்கத் தெரிந்திருந்தது. இங்கே கட்டினவரிடம் இருந்தது காசும் செல்போனில் எடுத்த ஒரு போட்டோவும்தான்.

கட்டினவர் என் தங்கை வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி. குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றிவிட்டு வந்தவர், அங்கே மலைமேல் பார்த்த கோயிலை நம்ம பக்கமும் எழுப்பிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். அவர் வேதக்காரர் இல்லை, கிறிஸ்தவரே கிடையாது. எந்தச் சாமியையும் அவர் விட்டுவைப்பதும் இல்லை. மாரியம்மன் கோயில் தேருக்கு லைட்டு, சிவன் கோயிலுக்குக் கதவு, மாதாவுக்கு முகப்பு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். கம்பெனி வேன், கம்பெனி சாப்பாடு. காரணம், மறுநாள் திங்கட்கிழமை கம்பெனி திறக்க வேண்டும். தீ விபத்து நடந்து சீல் வைத்து, இப்போது சீலை எடுத்திருந்தார்கள். தீபாவளி சீசன் தலைக்கு மேல் நின்றது. பொம்பளையாட்கள் பயந்துபோய்க் கிடந்தார்கள். மாதாவிடம் கூட்டிப் போய்க் கும்பிட வைத்தால் பயம் தெளிந்து வேலைக்கு வந்துவிடுவார்கள் என்று யாரோ அவருக்கு யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

என் தங்கைக்கு மருந்து செலுத்துகிற வேலை. பட்டாசுக்குள் போகும் ரசாயனத்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அவளும் அவளுடைய சேக்காளி ஒருத்தியும் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தார்கள். தீப்பிடித்தது சேக்காளியின் அறையில். என் தங்கைதான் ஓடிப்போய் அவளை வெளியே இழுத்துப் போட்டாள். உயிர் தப்பியது. இரண்டு கையும் வெந்துபோய் அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் கை திரும்ப வேண்டும் என்று என் தங்கை மலை மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, வெள்ளியில் இரண்டு சின்னக் கை செய்து வைத்திருந்தாள். நாங்கள் கருப்பசாமியைக் கும்பிடுகிற குடும்பம். கஷ்டம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் சாமிக்கு ஜாதகம் பார்ப்பதில்லை.

முதலாளி தரப்பில் விபத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். சேக்காளி நைலான் சேலை கட்டியிருந்தாளாம். அது உடம்பில் உரசிக் கரண்டு உண்டாகி, அந்தப் பொறியில் மருந்து பிடித்துக்கொண்டதாம். வெந்து கிடக்கிறவள்மேலேயே பழி. சொன்னால் கேட்காத பொம்பளை என்று ஊரே பேசியது. ஆஸ்பத்திரியில் அவள் புருஷனே அப்படித்தான் பேசினான், வெட்கங்கெட்டவன்.

தங்கை திங்கட்கிழமை போவாளா மாட்டாளா என்பதுதான் எனக்கு அப்போது ஒரே கவலை. போகாதே என்று நான் எவ்வளவோ சொன்னேன். மாதாவைக் கும்பிட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் வேனில் ஏறினேன்.

மலைப்படி ஒவ்வொன்றிலும் ஓர் உபயதாரர் பெயர். எல்லோரையும் நன்றாக மிதித்து ஏறினேன், அதில் நான் குறை வைக்கவில்லை. மேலே கோயில் வாசலில், நுழைகிற பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்துக்கு ஒரு செம்புத் தகடு பளபளத்தது. முகப்பைக் கட்டிக் கொடுத்த முதலாளியின் பெயர் அதில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. மாதாவின் பெயரை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முதலில் நுழைந்தது என் தங்கைதான். செருப்பைக் கழற்றினாள். சேலையை ஒரு தட்டுத் தட்டினாள். தகட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ஒரு மூச்சு நின்று, எடுத்துவிட்டு உள்ளே போனாள். பின்னால் வந்த கம்பெனிப் பெண்கள் எல்லோரும் அதே மாதிரி செருப்பைக் கழற்றி, சேலையைத் தட்டி, தகட்டைத் தொட்டார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பில் உள்ள கரண்டு இறங்கட்டும் என்று வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தொடாமல் போனால் போர்மேன் கத்துவார். தினமும் தொட்டுத் தொட்டு, வாசலில் செம்பைக் கண்டாலே கை தானாகப் போகிறது இவர்களுக்கு. தப்பு என்றால் தப்புதான், ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. இதில் கூத்து என்னவென்றால், எங்களுக்குப் பின்னால் நின்ற வெளியூர்க்காரர்கள் இதுதான் இந்தக் கோயில் முறை போலிருக்கிறது என்று அவர்களும் தொட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பெண் கைப்பிள்ளையின் நெற்றியைக் கொண்டுபோய்த் தகட்டில் முட்டினாள். முதலாளி பெயரில் முட்டுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியும்?

உள்ளே போனால் அதைவிட மோசம். சீமைக் கோயில்களில் மேற்கூரை முழுக்க மேகமும் வானமும் தீட்டியிருப்பார்கள். இங்கே தீட்டவில்லை. பிளெக்ஸ் அடித்து ஒட்டியிருந்தார்கள். தொழில்காரி கண்ணுக்குத் தப்புமா? சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்ததில் சம்மனசுகளின் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஒட்டுப் போட்ட இடம் சரியாக ஒரு புனிதரின் கழுத்தில் விழுந்து, அவருக்குத் தலை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக இருந்தது. இன்னொருவரின் வயிற்றில் ஓட்டை போட்டு மின்விசிறியைத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பிரஸ்ஸில் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் கிழித்து எறிந்திருப்பார்கள். தூ என்று துப்பாதது ஒன்றுதான் பாக்கி.

பீடத்தில் இருந்த மாதா மட்டும் பழைய மாதா. ஒரு முழ உயரம்கூட இராது. மரத்தில் செய்தது, மூக்கு தேய்ந்து போயிருந்தது. இந்த அமளிக்கு நடுவே அவள் பாட்டுக்கு நின்றாள். அவளைப் பார்த்து மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

நேர்ச்சை போடும் வரிசை நீளமாக இருந்தது. தங்கை வெள்ளிக் கைகளை மஞ்சள் துணியில் முடிந்து பிடித்திருந்தாள். அதற்குள் கோயில்பிள்ளை, அதாவது கோயிலைக் கவனித்துக்கொள்கிற ஆள், எங்களிடம் வந்துவிட்டார். கம்பெனி ஆட்கள் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. உங்கள் முதலாளி செய்ததை எல்லாம் பாருங்கள் என்று வெளியே கூட்டிப்போய்த் தூண் தூணாகக் காட்டினார். பெயிண்ட் எங்கிருந்து வந்தது, சிற்பி எந்த ஊர் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் கொட்டாவி விட்டேன். ஓரத்துத் தூண் ஒன்றை ஒட்டி, உச்சியில் இருந்து தரைவரை ஒரு பட்டை இறங்குவதைப் பார்த்து அது என்ன என்று தங்கைதான் கேட்டாள்.

அதுதான் இடிதாங்கி என்றார். உச்சியில் நிற்கும் சம்மனசின் கையில் இருப்பது ஊதுகொம்பு இல்லை, இடிதாங்கிக் கம்பி. அதிலிருந்து அசல் செம்புப் பட்டை கீழே இறங்கி, கரியும் உப்பும் போட்ட குழிக்குள் போகிறது. முதலாளி கூடவே நின்று வேலை வாங்கினாராம். பட்டை போதாது, இன்னும் கனமாகப் போடு, குழி போதாது, இன்னும் ஆழமாகத் தோண்டு என்று எலெக்ட்ரீசியனைப் பாடாய்ப் படுத்தினாராம்.

"கம்பி மண்ணுக்குள்ள போகணும்மா. போகலைன்னா மேல என்ன வச்சாலும் அது வெறும் தகரந்தான்னு மொதலாளியே சொன்னாக" என்றார் கோயில்பிள்ளை.

தங்கை அந்தக் குழிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். பட்டையைக் கையால் பிடித்துப் பார்த்தாள், அது மண்ணுக்குள் இறங்குகிற இடம்வரைக்கும். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, நம்ம கம்பெனி ரூம் வாசத் தகடும் கரண்டை மண்ணுல எறக்கத்தான?"

ஆமாம் என்றேன்.

"அவள இளுக்கும்போது செவுத்துப் பூச்சு பூராம் உதிர்ந்து கெடந்துச்சு. தகடு ஒத்த ஆணில தொங்குச்சு. பின்னால செங்கலுதான்க்கா. ரெண்டு ஆணிய விட்டா ஒண்ணும் கெடையாது. கம்பியே கெடையாது."

அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்குக் காலையில் சேக்காளி தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். தினமும் தொடுகிறவள், அன்றும் தொட்டாள், தான் பார்த்ததாகவும் சொன்னாள். தகட்டைத் தொட்டால் போதும் என்றுதான் போர்மேன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும், அது மண்ணுக்குள் போக வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? என் தங்கைக்கு இந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது. அவளுடைய அறைத் தகடும் அதே ஆள் அதே நாளில் அடித்த தகடுதான். அதற்குப் பின்னாலும் செங்கல்தான் இருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தொடை பெருத்த சம்மனசுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டு உடைத்திருப்பேன். சிமெண்டுப் பொம்மைமேல் இடி விழுந்துவிடக் கூடாது என்று கனத்த செம்பு வாங்கத் தெரிந்த மனுஷன், தனக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற பெண்களின் அறை வாசலில் வெறும் இரண்டு ஆணியை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்றும் சொல்ல வழி இல்லை. வெறும் தகரம் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறாரே. யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்தானாம் என்பார்கள். இவர் அங்குசத்தை வாங்கிக் கோயில் வாசலில் பார்வைக்கு வைத்தவர்.

நேர்ச்சை போடலாம் வா என்று கூப்பிட்டேன். தங்கை வெள்ளிக் கைகளைத் திரும்ப முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

சாப்பாட்டுப் பந்தலில் முதலாளி மைக்கைப் பிடித்திருந்தார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம். மாதா காப்பாள், பயப்படாமல் நாளைக்கு வாருங்கள் என்றார். நைலான் சேலை கதையை மறுபடி எடுத்தார். ஒருத்தி செய்த தப்புக்கு இத்தனை பேர் பிழைப்பு கெட்டுப் போனதே என்று வருத்தப்பட்டார். அதற்குக் குரலைத் தழுதழுக்க வேறு வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்து அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகக் கறி போட வந்தார். எங்கள் இலைக்கு வந்ததும் தங்கை எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள், குரலை உயர்த்தவும் இல்லை.

"மொதலாளி, அவ அன்னைக்குத் தகட்டத் தொட்டுட்டுத்தான் உள்ள போனா. தகட்டுக்குப் பின்னால கம்பி இல்ல. இங்கன சாமிக்குப் போட்ட மாதிரி எங்க ரூமுக்கும் மண்ணுல கம்பி எறக்கித் தாங்க."

சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. முதலாளி சிரிப்பை விடவே இல்லை. கரண்டியைக் கறிக்குள் வைத்தபடியே பதில் சொன்னார்.

"செஞ்சிருவோம்மா. இப்ப ஆர்டர் கெடக்கு. சீசன் முடியட்டும், எல்லா ரூமுக்கும் போட்டுருவோம்."

"அப்பச் சரி மொதலாளி. சீசன் முடியட்டும், நானும் வாரேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, இலையை மடித்தாள். பக்கத்து இலைக்காரியும் மடித்தாள். அவள் மடித்ததைப் பார்த்து எதிர் வரிசையில் ஒருத்தி. கறி வாளியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் நின்ற நிற்பைக் காலண்டரில் அடித்துப் பன்னிரண்டு மாசமும் மாட்டி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை விடிய வேன் வந்தது. தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. ஏறினவர்கள் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் மருந்து செலுத்துகிறவர்கள் யாரும் ஏறவில்லை. மருந்து செலுத்த ஆள் இல்லாவிட்டால் கம்பெனியில் மற்றவர்கள் வந்து எதைக் கட்டுவார்கள், எதை ஒட்டுவார்கள்? போர்மேன் வீடு வீடாக வந்தார். முதலில் அதட்டினார், அப்புறம் கெஞ்சினார். என் தங்கை அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், அதே பதிலையும் கொடுத்தாள்.

சீசன் முடிகிறவரைக்கும் முடியாது என்றவர், அந்த வாரமே குழி தோண்டினார். மாதாவா தோண்ட வைத்தாள்? கெட்டுப்போகப் போகிற ஆர்டர் தோண்ட வைத்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் கம்பி மண்ணுக்குள் போகிற இடத்தைப் பெண்கள் குனிந்து பார்த்து, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் உள்ளே போனார்கள். சேக்காளியிடம் இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நைலான் சேலை என்ற பேச்சு மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோனது. வலது கையில் இரண்டு விரல் மடங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் வந்த அன்றைக்கு, வெள்ளிக் கைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்றாள் தங்கை. டவுன் பஸ்ஸில் போனோம்.

மலை உச்சியில் பெரிய வரிசை. எதற்கு என்று எட்டிப் பார்த்தேன். எல்லோரும் அந்தச் செம்புத் தகட்டைத் தொடத்தான் நின்றுகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி, ஆம்பிளைகள் வேட்டியைத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ஒரு மூச்சு நின்று. எங்கள் பெண்கள் செய்ததை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். தொட்டுத் தொட்டு முதலாளி பெயர் தேய ஆரம்பித்திருந்தது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. தகட்டுக்குக் கீழே புதிதாக ஓர் உண்டியலும் வைத்துவிட்டார்கள். ஆண்டவனே, இந்த ஊர் உருப்படுமா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தங்கை வரிசையில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொடாமல் நேரே உள்ளே நடந்தாள். வரிசையில் நின்ற ஒரு அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். தொடாமல் போகக் கூடாது, தொட்டுவிட்டுப் போனால் ஒரு ஆபத்தும் அண்டாது என்று அக்கறையாகத்தான் சொன்னார்.

"அதுக்குப் பின்னால கம்பி கெடையாதும்மா" என்றாள் என் தங்கை.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், பிள்ளைக்குப் புத்தி சரியில்லை போல என்று பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் இரண்டு கையையும் தகட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.